மூன்று ஓட்டம் நேர்ந்தவள்

எங்கள் அப்பார்ட்மென்ற்றில் நெருப்பு மணி அடித்தால் முதலில் இறங்கி ஓடுகிறவர்களில் நானும் ஒருத்தி. கடைசியாக இறங்குகிறவள் அவள்.

ஊரை விட்டு நாங்கள் வந்து குடியேறின அஜின்கோர்ட்டில் பதினான்கு மாடிக் கட்டடம் அது. பதினோராம் மாடியில், என் மகன் வீட்டுக்கு எதிர்க் கதவு அவளுடையது. யாராவது மீன் பொரித்துக் கருக்கினாலும் மணி அடித்துவிடும். லிப்ற் நின்றுபோகும். மாதத்தில் இரண்டு தடவையாவது சனம் முழுக்கப் படியால் இறங்கி, வாசலில் குளிருக்குள் நின்று, கருக்கின ஆளைத் திட்டிவிட்டு மேலே ஏறும். ஒருநாள் உண்மையாகவே ஒன்பதாம் மாடியில் எரிந்தது. படிக்கட்டுக்குள் புகை வந்துவிட்டது. நான் அவள் கதவைத் தட்டினேன். அகப்பையோடு வந்து திறந்தாள்.

“நீங்கள் இறங்குங்கோ அன்ரி. கடைசிப் புட்டுக் குழல் அடுப்பில ஏறியிருக்கு. ஆவி வந்தவுடன வாறன்.”

“புகை வருது பிள்ளை.”

“பாதியில இறக்கினா மாவாத்தான் கிடக்கும். ஒருத்தருக்கும் உதவாது.”

நான் அவளை விட்டுவிட்டு இறங்கினேன். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். எனக்கு அது வராது. பத்து நிமிடம் கழித்து ஒரு தீயணைப்புக்காரன் அவளைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். அவள் கையில், துணியால் மூடிக் கட்டின புட்டுப் பானை இருந்தது. கண் இரண்டும் சிவந்து தண்ணீராக ஓடியது. நின்ற சனம் எல்லாம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த நாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தபோதும் அவள் தலைமயிரில் புகை மணத்தது. அந்த மணம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே கேக் பக்ரறியில், கேக் ஓடிவருகிற ஒரே பெல்ற்றில் நின்று பெட்டி அடுக்கினோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊரிலேயே ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுவேன். இந்த நாட்டில் கேட்கவே வேண்டாம். எனக்கும் சேர்த்து அவள்தான் கதைத்தாள். பஸ்காரனோடு கதைத்தாள், சுப்பவைசரோடு கதைத்தாள். “நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு போறம் எண்டு சனம் நினைக்குது அன்ரி. ரெண்டு பேரின்ர கதையையும் நானேதான் கதைக்கிறன்” என்று பகிடி பண்ணுவாள்.

தொடங்கினதை அவள் பாதியில் விடமாட்டாள். அதுதான் அவள். வீடு கூட்டும்போது ரெலிபோன் அடித்தால், கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் எடுப்பாள். அதற்குள் அது நின்றுவிடும். பக்ரறியில் சாப்பாட்டு மணி அடித்தால் நாங்கள் போட்டது போட்டபடி போவோம். அவள் கையில் இருக்கிற தட்டை நிரப்பிவிட்டு வருவாள். ஒருமுறை பெல்ற் இறுகி அவள் சுட்டுவிரல் அகப்பட்டுவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கே தெரியாது. பன்னிரண்டாவது கேக்கையும் வைத்து, பெட்டியை மூடி, ஒட்டி, தள்ளிவிட்ட பிறகுதான் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். நகம் கையுறையோடு வந்தது. சுப்பவைசர் வெளிறிப்போனாள். அவளோ, “பெட்டியில ரத்தம் படேல்லை, பாத்தனான்” என்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி. தாய் வேளைக்கே செத்துப்போனதால் அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள். அவனை இங்கே எடுப்பிக்க எல்லா ஏற்பாடும் செய்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு மார்கழி மாதம், விடியற்புறம், லொட்ஜில் நின்ற தமிழ்ப் பெடியன்களை எல்லாம் பொலிஸ்காரர் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவன் வரவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. அவள் புருஷன் பாண் ஏற்றி இறக்கும் வான் ஓடுகிறவர், நல்ல மனிதர். தெரிந்தவர்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்துக் களைத்துப்போனார். பின்னேரத்தில் தமிழ் ரேடியோவில் செய்தி போகும் நேரம் அவர் காதை ரேடியோவோடு வைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் அவர்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய்கூடத் திறக்கப்படாது.

சித்திரை பிறந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அவளும் கோயிலுக்குப் போக பஸ் ஏறினோம். பாதி வழியில் பொலிஸ்காரன் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டான். முன்னால் தெரு முழுக்க சனம் ஓடிக்கொண்டிருந்தது. வயதானவர்கள், பெருத்தவர்கள், பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்கள். எல்லார் நெஞ்சிலும் ஒரு இலக்கம் குத்தியிருந்தது. இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று கைதட்டினார்கள். வாகனம் எல்லாம் மறித்துவிட்டார்கள். வழியில் மேசை போட்டு, காகிதக் கோப்பையில் தண்ணீர் நீட்டினார்கள்.

அவள் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுகளுக்கு என்ன நேர்த்திக்கடன் அன்ரி?”

“நேர்த்தியில்லைப் பிள்ளை. விளையாட்டுப் போலக் கிடக்கு.”

“விளையாட்டெண்டா முதல் ஆள் வந்தவுடன முடிஞ்சிடுமே. பாருங்கோ, ஒராள் காலை இழுத்து இழுத்து வாறார். அவருக்கும் கைதட்டுகினம். தண்ணீர்ப்பந்தல் போட்டிருக்கு. தேருக்கு மறிச்ச மாதிரி றோட்டை மறிச்சிருக்கு. நேர்த்தியில்லாட்டி ஏன் இப்பிடி உடம்பை வருத்துகினம்?”

நாற்பது நிமிடம் பஸ் நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நாளில் எங்கள் கோயில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் இருந்தது. ஒரு பக்கம் ரயர்க் கடை, மற்றப் பக்கம் கார்ப்பெட் கடை. ஊரில் என்றால் பெண்கள் நேர்த்தி வைத்துக் கோயில் வீதியில் அடி அழிப்பார்கள். விழுந்து கும்பிட்டு, எழும்பி ஒரு அடி வைத்து, மறுபடி விழுந்து, அப்படியே வீதி முழுக்கச் சுற்றி வருவது. தம்பிக்காக அடி அழிக்க அவள் மாசியிலிருந்தே ஐயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இடம் இல்லை. வெளியே கார் விடுகிற இடத்தில் பனியும், பனி கரையக் கொட்டின உப்பும். “உது சரிவராது பிள்ளை, ஒரு அர்ச்சனையைச் செய்வம்” என்று ஐயர் சொல்லியிருந்தார்.

அன்று பூசை முடிந்தவுடன் அவள் சுவாமிக்கு முன்னால் போய்க் கனநேரம் நின்றாள். திரும்பி வந்து என் காதுக்குள் சொன்னாள்.

“மூண்டு ஓட்டம் நேர்ந்திட்டன் அன்ரி. முதல் சின்னன், பிறகு அதின்ர இரட்டிப்பு, பிறகு பெரிசு. மூண்டாவது முடிய எனக்கு ஒரு செய்தி வரவேணும்.”

“ஆள் வரவேணும் எண்டு கேட்டிருக்கலாமே.”

“அது பேராசை. ஒரு செய்தி வந்தாக் காணும். வாயால சொல்லிப்போட்டன், இனி மாத்த ஏலாது.”

அவள் அப்படிச் சொன்னபோது பின்னால் ரயர்க் கடையில் காற்றடிக்கிற மெஷின் சத்தமாக இரைந்தது.

ஓட்டம் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியாது. பக்ரறியில் எங்களோடு நின்ற கயானாக்காரி தன் மகள் போட்டுக் கழித்த ஓட்டச் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நேர்த்திக்குச் சப்பாத்துப் போடலாமா என்று ஐயரைக் கேட்டோம். ஐயர் சப்பாத்தைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்து, “தோல் இல்லாட்டிப் பரவாயில்லை” என்றார். தோல் இல்லை, துணியும் றப்பரும்தான். அன்றிலிருந்து வேலை முடிந்து கோயிலடியில் இறங்குவாள். அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஓடுவாள். எப்போதும் வலம்தான், ஒருநாளும் இடம் ஓடமாட்டாள். கோயிலை மட்டும் சுற்ற முடியாது. ரயர்க் கடையையும் கார்ப்பெட் கடையையும் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். ரயர்க் கடைக்காரன் முதல் கிழமை சிரித்தான். இரண்டாம் கிழமை கைகாட்டினான். மூன்றாம் கிழமை, மழை கொட்டின ஒருநாள், அவள் சுற்றி வரப் பிந்த, காத்து நின்ற என்னிடம் வந்து ஏதோ கேட்டான். எனக்கு விளங்கவில்லை. தலையைக் குனிந்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்தால், உன்னுடைய ஆளுக்கு ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டது போல இருந்தது.

முதல் ஓட்டம் வைகாசி முடிவில். ஐந்து கிலோமீற்றர். கயானாக்காரிதான் பத்திரம் நிரப்பினாள். கால்சட்டைக்கு மேல் நீளச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. நெஞ்சில் குத்தின இலக்கத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். ஒரு வெள்ளைத் தாடிக் கிழவருக்கும் பின்னால்தான் ஓடி முடித்தாள். கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். அதை நேரே கோயிலுக்குக் கொண்டுபோனாள். எங்கே வைப்பது என்று ஐயருக்குத் தெரியவில்லை. ஒருநாள் முழுக்க அது வேலில் தொங்கியது.

அன்றைக்குத்தான் கவனித்தேன், அவள் வழியில் தண்ணீர் வாங்கவில்லை.

“ஏன் பிள்ளை, நீட்டினவை தானே?”

“தண்ணீர்ப்பந்தல் பாக்க வந்த சனத்துக்கு அன்ரி. நேர்த்திக்காரர் விரதத்திலயல்லோ ஓடுகினம்.”

“மற்ற எல்லாரும் குடிக்கினமே.”

“அவையின்ர நேர்த்தி அப்பிடி இருக்கும். என்ர இப்பிடி.”

இரண்டாவது ஓட்டம் ஆடியில் வந்தது. அந்தச் சூட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றும். பத்துக் கிலோமீற்றர். அவள் புருஷனுக்கு வேலை, நான்தான் போனேன். எட்டாவது கிலோமீற்றர் பலகையடியில் போத்தலோடு நின்றேன். அவள் வந்தாள். உதடு வெள்ளை. வியர்வை ஒரு சொட்டும் இல்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. உடம்பில் ஊறுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத மாதிரித் தோல் காய்ந்து கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலுபேர் பார்க்க நான் தெருவுக்குள் இறங்கினேன். “குடி பிள்ளை” என்று போத்தலை நீட்டினேன். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நான் குறுக்கு வழியால் முடிவுக் கோட்டடிக்குப் போய்ச் சேர அவளும் வந்தாள். கோட்டைத் தாண்டி மூன்று அடி வைத்தாள். பிறகு சீலை நழுவி விழுவது போல விழுந்தாள். கூடாரத்துக்குள் கொண்டுபோய் ஐஸ் வைத்து, கையில் ஊசி ஏற்றினார்கள். அங்கே நின்ற தாதி என்னைப் பார்த்து நீளமாகக் கதைத்தாள். எனக்கு விளங்கினது ஒரு சொல்தான், இதயம். அவள் கண் திறந்து முதலில் கேட்டது, “கோட்டைத் தாண்டித்தானே விழுந்தனான்?”

“ஓம்.”

“அப்ப சரி.”

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினபோது வலது காலில் மூன்று நகம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் தொட்டால் துடித்தாள். ஒரு கிழமை போகட்டும் என்றேன். மூன்றாம் நாள் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கால் ஊன்றுகிற சத்தமும் மற்றக் கால் இழுபடுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டது.

அதற்கு அடுத்த கிழமை. நான் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில் இருந்தேன். அவள் புருஷன் கூடையோடு வந்தார். கூடை வெறுமையாக இருந்தது. மெஷின் எல்லாம் சத்தமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவர் அந்தச் சத்தத்துக்காகத்தான் அங்கே வந்தார் என்று பிறகு விளங்கியது.

“அன்ரி, நீங்கள் நாள்கலண்டர் தாள் கிழிக்கிறதை எறிய மாட்டியளாமே. தை மாசத் தாள் கிடக்கோ?”

“கிடக்கும். பின்பக்கம் சாமான் எழுத வைச்சிருக்கிறன். ஏன் தம்பி?”

அவர் மெஷின் கண்ணாடிக்குள் சுழல்கிற உடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தைப்பொங்கல் கழிஞ்சு பத்தாம் நாள். என்ன திதி எண்டு பாக்கவேணும்.”

நான் அங்கே கிடந்த வாங்கில் இருந்தேன். அவளுடைய தம்பியோடு கூடவே அடைபட்டிருந்த ஒரு பெடியன் இப்போது பாரிஸில் இருக்கிறானாம். இவர் வேலை செய்கிற இடத்துக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறான். நாங்கள் பஸ்ஸில் இருந்து அந்த ஓட்டத்தைப் பார்க்கிறதற்கு மூன்று மாதம் முன்னமே அவள் தம்பியின் உயிர் போய்விட்டது.

“அவளுக்குச் சொல்லவேணும் தம்பி. உந்த ஓட்டத்தை நிப்பாட்டவேணும். அவளின்ர கால் முறிஞ்சுபோகும். தாதி நெஞ்சைப் பற்றியும் ஏதோ சொன்னவ.”

“தெரியும் அன்ரி. நானும் யோசிச்சுப் பாத்திட்டன். இப்ப சொன்னா என்ன நினைப்பாள்? மூண்டாவதை ஓடாததாலதான் தம்பி போனான் எண்டு நினைப்பாள். திகதியைக் காட்டினாலும் நம்பமாட்டாள். சாகும்வரைக்கும் அதைச் சுமப்பாள். முடிக்கட்டும். முடிச்ச பிறகு சொல்லுவம்.”

“முடிக்க முதல் அவளுக்கு ஏதும் நடந்தா?”

கடைசி மெஷினும் நின்றது. அறை திடீரென்று அமைதியானது. அவர் வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தாளைத் தேடி எடுத்தேன். தை, அபரபக்கத் துவாதசி. பின்பக்கம் என் கையெழுத்தில் பால், உளுந்து, வெங்காயம் என்று இருந்தது. அவன் போன நாளின் முதுகில் நான் வெங்காயம் என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அதன் பிறகு அந்தக் கைப்பை எனக்குப் பாரமாகிவிட்டது.

ஒரு சொல். அதைச் சொன்னால் அவள் நின்றுவிடுவாள், காலும் உயிரும் மிஞ்சும். சொல்லாவிட்டால் மூன்றாவது ஓட்டத்தின் இருபத்தொரு கிலோமீற்றரும் தண்ணீர் இல்லாமல் ஓடுவாள். ஆவணி முழுக்க, புரட்டாதி முழுக்க, நான் அந்த ஒரு சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பெல்ற்றில் நின்றேன். ஒரு நாள் துணிந்தும் விட்டேன்.

“பிள்ளை, உன்னட்ட ஒண்டு சொல்லவேணும்.”

“பிறகு சொல்லுங்கோ அன்ரி.”

“முக்கியமான விசயம்.”

“அதுதான். பிறகு.”

அடுத்த நாள் சுப்பவைசரிடம் கேட்டு பெல்ற்றின் மற்றத் தொங்கலுக்கு, கடைசி முனைக்கு, மாறிவிட்டாள். பஸ்ஸிலும் எனக்கு முன் சீற்றில் போய் இருந்தாள். ஆடி ஓட்டத்தில் தண்ணீரை நீட்டி நேர்த்தியைக் குலைக்கப் பார்த்தேன் என்று கோபம் போல என்று நினைத்தேன். எனக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் ஆறுதல். முகத்தைப் பார்க்காவிட்டால் சொல்லத் தேவையில்லையே. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் வீட்டு ரேடியோவும் இப்போது பாடுவதில்லை. பின்னேரத்தில் செய்தி போகும் நேரத்திலும் எதிர்க் கதவுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

மூன்றாவது ஓட்டம் ஐப்பசியில், டவுன்ரவுனில், ஏரிக்கரையோடு. காற்று ஊசி மாதிரி. நானும் அவள் புருஷனும் முடிவுக் கோட்டடியில் நின்றோம். முதல் ஆட்கள் வந்தார்கள், கைதட்டல் வானத்தைப் பிளந்தது. இரண்டு மணித்தியாலம் போனது. வெள்ளைத் தாடிக் கிழவர்கள் வந்தார்கள். இரண்டரை போனது. பிள்ளை வண்டில் தள்ளினவர்கள் வந்தார்கள். மூன்றும் போனது. ஏரிப் பக்கம் இருந்து ஒரு அம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

கைதட்டின சனம் கலைந்தது. மேசைகளை மடித்தார்கள். மறிப்புக் கம்பிகளை லொறியில் ஏற்றினார்கள். முடிவுக் கோட்டுக்கு மேலே காற்றடைத்து நிறுத்தியிருந்த பெரிய வளைவு மெல்ல மெல்லச் சுருங்கி ஒரு பக்கம் சரிந்தது. பொலிஸ்காரன் தெருவைத் திறந்துவிட்டான். கார்கள் வரத் தொடங்கின.

“நான் சொல்லியிருக்கவேணும் அன்ரி” என்றார் அவர். அவ்வளவு குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது.

அப்போது நடைபாதையில் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் சைக்கிளில், ஓட்டம் நடத்துகிறவர்களுடைய சட்டை போட்ட ஒரு பெட்டை மெதுவாக வந்துகொண்டிருந்தாள். கெஞ்சுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் காதில் வாங்கவில்லை. வலது கால் பக்கவாட்டில் திரும்பி இழுபட்டது. அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடை என்றும் சொல்ல முடியாது. ஆனால் நிற்கவில்லை. கோடு கிடந்த இடத்தில் இப்போது சுருங்கின வளைவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைச் சுற்றிப் போகவில்லை, மேலே ஏறி மிதித்துத் தாண்டினாள். சுருட்டின பெடியன் எழும்பி, பெட்டிக்குள் தேடி, ஒரு பதக்கத்தை எடுத்து அவள் கழுத்தில் போட்டான்.

அவள் புருஷன் ஓடிப்போய்ப் பிடித்தார். அவள் அவரை ஒரு கையால் விலக்கிவிட்டு என்னிடம் வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேரே பார்த்தாள்.

“முடிச்சிட்டன். இப்ப சொல்லுங்கோ அன்ரி.”

நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன்.

“உங்களுக்குப் புளுகத் தெரியாது. உங்கட முகம் ஆவணியிலயே சொல்லிப்போட்டுது. இவரும் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டார். பாதியில சொல்லிப்போடுவியளோ எண்ட பயத்திலதான் உங்கட பக்கம் திரும்பேல்லை.”

நான் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் விரித்தாள். திகதியைப் பார்த்தாள், திதியைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பால், உளுந்து, வெங்காயம் என்பதையும் வாசித்தாள். ஒன்றையும் விடாமல் வாசித்தாள்.

“தையோ?”

“ஓம் பிள்ளை.”

விரலை மடித்து எண்ணினாள். “அப்ப பஸ்ஸில இருந்து பாக்க முன்னமே.”

“ஓம்.”

“நான் செய்தி வரவேணும் எண்டுதானே கேட்டனான்” என்றாள். “வந்திட்டுது.”

நான் போத்தலை நீட்டினேன். இம்முறை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். குடிப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஏரியைப் பார்த்துத் திரும்பி, போத்தலைத் தலைக்கு மேலே பிடித்து முழுவதையும் ஊற்றினாள். சாவு கேட்டால் தலை முழுக வேண்டும் அல்லவா. அந்த ஐப்பசிக் குளிரில், விபூதி கரைந்து கண்ணுக்குள் இறங்க, நெஞ்சில் குத்தின இலக்கம் நனைந்து தொங்க நின்றாள். சைக்கிள் பெட்டை, வெற்றியில் செய்கிறாள் என்று நினைத்துக் கைதட்டினாள்.

ஒரு மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. எலும்பில் வெடிப்பு என்று கால் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். செத்தவர்களுக்குச் செய்கிற எட்டுச் சடங்கு மாதிரி ஒன்றை ஐயர் திதி பார்த்துச் செய்து வைத்தார். கட்டு வெட்டின கிழமை, நான் கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன். கதவு பூட்டியிருக்கவில்லை.

நடு வீட்டில் குப்பை பாதி கூட்டியபடி கிடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் விளக்குமாறு விழுந்து கிடந்தது. குசினியில் பலகையில் ஒரு வெங்காயம் பாதி வெட்டினபடி காய்ந்திருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் யன்னலடியில் கதிரையில் இருந்து, பதினோராம் மாடியிலிருந்து கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயை மூடிவிட்டு, பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன பிள்ளை, கூட்டி முடிக்கேல்லையோ?”

அவள் திரும்பினாள். “அன்ரி, நான் என்ன நினைச்சனான் எண்டா” என்று தொடங்கினாள்.

நான் காத்துக்கொண்டு நின்றேன். கஞ்சி கையில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி தெருப் பக்கம் திரும்பிவிட்டாள்.